ஆசிரியருக்குக் கடிதம்: ‘பரா’ என்னும் சொல் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஜப்பானியச் சித்திரக்கதைகளைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மங்காவுக்குத் தமிழ் நாளிதழில் ஒரு பக்கம் கிடைப்பது அபூர்வம். அதனால் ஆசையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்திக்கு வந்ததும்தான் மனம் கசந்துவிட்டது. ஓரினச்சேர்க்கை ஆண்களைப் பற்றிய கதைகளை ஜப்பானியர்கள் ‘பாரா’ என்று அழைப்பதாக அதில் எழுதியிருந்தது. அதை வரைபவர்கள் பாரா ஓவியர்களாம், கதைகளில் வரும் ஆண்கள் பாரா ஆண்களாம். பெண்கள் விரும்பிப் படிக்கும் காதல் கதைகளையும் இதே வகையில் சேர்த்திருந்தார் கட்டுரையாளர்.

அன்று என் தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். எனக்குப் பிறகு அவன்தான் அந்தப் பக்கத்தை எடுத்தான். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, “ஏங்கா, நெசமாவே அவங்க தங்களை அப்படித்தான் சொல்லிக்குவாங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். பிறகு மத்தியானம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவனுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோயம்புத்தூரில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். அதற்கு முன்பு, கணவரின் வேலை காரணமாக 2003 முதல் 2009 வரை தோக்கியோவில் இருந்தோம். எதொகவா வட்டத்தில் நிஷிகசாய் என்ற பகுதி. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம் அது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நீங்கள் அச்சிட்டிருந்த ‘பாரா’ நம் கண்ணுக்குக் கட்டுரைப் பத்தியைத்தான் நினைவூட்டும். அதில் ‘பா’ நெடில் கிடையாது, குறில். ‘பஸ்’ என்னும்போது வரும் ‘ப’வைப் போட்டுப் ‘பரா’ என்று படித்தால் ஓரளவு சரியாக வரும். பொருள் ரோஜாப்பூ. ஜப்பானியர்கள் இதைச் சீன எழுத்துகளில் எழுதினால் இரண்டு எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 16 கோடு. படிக்கத் தெரிந்த பலருக்கு எழுத வராது. அதனால் பூக்கடைப் பலகையில் பெரும்பாலும் எளிய அசை எழுத்தில்தான் இருக்கும். இதே ஒலியில் இறைச்சிக் கடையிலும் ஒரு ‘பரா’ உண்டு, விலாப்பக்கத்துக் கறி. போன புதிதில் நான் கற்ற பரா அதுதான். சைவக் குடும்பம் என்பதால், எந்தப் பொட்டலத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளக் கற்ற சொல்.

மூன்றாவது பராவைத் தம்பிதான் எனக்கு அறிமுகம் செய்தான். 2006ஆம் ஆண்டு. அவன் அப்போது பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக நாலு வரியில் மின்னஞ்சல் எழுதுபவன் அன்று ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருந்தான்: அக்கா, அங்கே கடையில் பரா மங்கா கிடைக்குமா, கிடைத்தால் ஒன்று வாங்கி வருவாயா? அவ்வளவுதான். எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியாது. ரோஜாவைப் பற்றிய சித்திரக்கதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போய், பரா மங்கா எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடைப் பெண் இரண்டு நொடி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “ஓ, பெருபராவா!” என்று என்னைப் பெண்களுக்கான மங்கா அடுக்குக்குக் கூட்டிப் போனார். ‘பெருசாயு நோ பரா’, அதாவது ‘வெர்சாயின் ரோஜா’. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை, 1972இல் தொடராக வரத் தொடங்கியது. ஜப்பானில் அதைக் கேள்விப்படாதவர் இருக்கமாட்டார். முதல் தொகுதியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. நம்மூர் நாளிதழ் ஒன்று, “ஜப்பானியர்கள் இதைத்தான் பரா என்கிறார்கள்” என்று எழுதுகிறது. ஜப்பானில் புத்தகம் விற்கும் பெண்ணிடம் போய்ப் பரா மங்கா என்று சொன்னால் அவருக்கு நினைவு வருவது அந்தக் கதையில் வரும் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத்.

சனிக்கிழமைகளில் வட்டத்துச் சமூகக் கூடத்தில் எங்களைப் போன்ற வெளிநாட்டுப் பெண்களுக்கு இலவச மொழி வகுப்பு நடக்கும். எனக்கு வாய்த்த ஆசிரியை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன், தம்பி கேட்டான் என்பதையும் சேர்த்து. அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். “தம்பிக்கு என்ன வயது?” என்று மட்டும் முதலில் கேட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: அது பழைய சொல். அந்தக் காலத்தில் ஆண்களை விரும்பும் ஆண்களைக் குறிக்க அப்படிச் சொல்வார்கள். இப்போது அவர்கள் தங்களைக் ‘கே’ என்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். தம்பி உங்களிடம் கேட்டிருப்பது புத்தகத்தை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலகக் கணினியில் யார் பார்த்தாலும் புரியாத ஒரு சொல்லைத் தேடிப்பிடித்து என் தம்பி தன்னைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறான். தமிழில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருந்த சொற்கள் அப்படி. சட்டமும் அப்போது குற்றம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே, ஐயா, இந்தப் பரா என்ற சொல் மீது எனக்கு வெறுப்பு கிடையாது. என் தம்பியை எனக்குக் காட்டிக்கொடுத்த சொல் அது. அதனாலேயே அதைத் தப்பாக எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஆண்களுக்கிடையிலான காதல் ஜப்பானிய இலக்கியத்தில் புதிதல்ல. இஹாரா சாய்ககு 1687இலேயே அதைப் பற்றி மட்டும் ஒரு முழுக் கதைத்தொகுப்பு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக்கு அதற்கென்றே சொற்கள் இருந்தன, அவற்றில் இழிவு இல்லை. பிற்காலத்தில்தான் ஏச்சுச் சொற்கள் குவிந்தன. ‘ஒகாமா’ என்று ஒரு வசவு உண்டு. நேர்ப்பொருள் சோறாக்கும் பானை. நம் தெருக்களில் ஓர் எண்ணைச் சொல்லித் திருநங்கைகளையும் நளினமாக நடக்கும் பையன்களையும் துரத்துவார்கள் அல்லவா, அதே குரூரம்தான். என் தம்பி ஏழாம் வகுப்பில் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போய்வந்தான் என்பது எனக்கே பிற்பாடுதான் தெரியும்.

ரோஜா எப்படி வந்தது? போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஆண்களின் அழகோடும் ஆண்கள்மீதான ஆசையோடும் ரோஜாவைச் சேர்த்துப் பேசுவது மெல்ல மெல்லப் பரவியது. எழுத்தாளர் மிஷிமா யுக்கியோவை ஹொசோயே எய்க்கோ எடுத்த புகைப்படங்கள் 1963இல் புத்தகமாக வந்தன. மிஷிமாவின் வெற்றுடம்பும் வாயில் கவ்விய ரோஜாவும் அதில் இருக்கும். தலைப்பு ‘பராகெய்’, ரோஜாவால் தண்டனை என்று பொருள் கொள்ளலாம். 1969இல் தோக்கியோவின் கே மதுக்கூடங்களை மையமாக வைத்து வந்த ஒரு திரைப்படத்தின் பெயரிலும் ரோஜா இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பத்திரிகை.

‘பராஸொகு’. பரா என்றால் ரோஜா, ஸொகு என்றால் குலம், கூட்டம். ரோஜாக் குலம். 1971இல் முதல் இதழ் வந்தது. அதற்கு முன்பும் 1952இல் தொடங்கிய ‘அதோனிஸ்’ போன்ற சிற்றிதழ்கள் இருந்தன, ஆனால் உறுப்பினர்களுக்குள் மட்டும் சுற்றியவை. சாதாரணப் புத்தகக் கடையில் காசு கொடுத்து யாரும் வாங்கக்கூடிய முதல் கே இதழ் பராஸொகுதான்.

அதை நடத்தியவர் இட்டோ புங்காகு. ஒரு சிறு பதிப்பகத்தின் உரிமையாளர். கே அல்லாதவர், மணமாகிப் பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர். 1960களில் அவருடைய பதிப்பகம் பாலியல் பற்றிய சில நூல்களை வெளியிட்டது. அவற்றைப் படித்துவிட்டு ஆண்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. நான் இப்படி இருக்கிறேன், என்னைப் போல வேறு யாராவது இருக்கிறார்களா என்று. அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் இட்டோ இதழ் தொடங்கினார். தமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துயரத்தை அஞ்சலில் தெரிந்துகொண்டு, முகவரியோடு தம் பெயரைப் போட்டு, அதற்கென ஒரு பத்திரிகையைக் கடைக்கு அனுப்பிய மனிதர். நான் அவரை மிகவும் மதிக்கிறேன்.

ஏன் ரோஜா என்பதற்குக் கிரேக்கப் புராணத்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. லாயுஸ் என்னும் அரசன் ரோஜா மரத்தடியில் ஓர் இளைஞனோடு காதல் கொண்டான் என்ற கதை. ஜப்பானிய இதழுக்குக் கிரேக்க அரசன் எதற்கு என்று தோன்றலாம். ‘அதோனிஸ்’ என்ற பெயரும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதானே. பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாத பெயராக இருப்பது அன்று ஒரு பாதுகாப்பு. என் தம்பிக்கு ஜப்பானியச் சொல் போல, அவர்களுக்குக் கிரேக்கம்.

பழைய பராஸொகு ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தோசாய் தடத்து ரயிலில் குதான்ஷிதா வரை போய், அங்கிருந்து நடந்தால் ஜிம்போச்சோ வரும். வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள் உள்ள தெரு. நம் மூர் மார்க்கெட் கதைகளைச் சின்ன வயதில் அப்பா சொல்லக் கேட்டவள் நான், அதனால் அந்தத் தெரு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கடையில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். முதியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் உறையைக் கழற்றிக் கொடுத்தார். கதை, கட்டுரை, படங்கள் எல்லாம் இருந்தன. என்னைப் பிடித்து நிறுத்தியவை கடைசிப் பக்கங்கள். பொடி எழுத்தில், நெருக்கி நெருக்கி, பக்கம் பக்கமாக வாசகர் அறிவிப்புகள். ஊர், வயது, உயரம், எடை. அப்புறம் ஒன்றிரண்டு வரி. மலை ஏறப் பிடிக்கும், அமைதியானவன், நம்பிக்கையாகப் பேச ஒருவர் வேண்டும். பதில் கடிதங்கள் பதிப்பகத்துக்கு வரும், அவர்கள் உரியவருக்கு அனுப்பிவைப்பார்கள். வட கோடியிலிருக்கும் மீன்பிடி ஊரில் ஒருவன் தான் மட்டுமே உலகத்தில் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பான். இந்தப் பக்கங்களைப் பார்த்தால் தன் மாவட்டத்திலேயே எட்டுப் பேர் இருப்பது தெரியும். இணையம் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டபின் இதழ் தளர்ந்து, 2004இல் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976இல் அதே பராஸொகுவில் பெண்களை விரும்பும் பெண் வாசகர்களுக்காக ஒரு பகுதி தொடங்கினார் இட்டோ. ஆண்களுக்கு ரோஜா என்றால் பெண்களுக்கு அல்லி என்று ‘யுரிஸொகு’, அல்லிக் குலம் என்று பெயரிட்டார். இன்று பெண்களின் காதலைச் சொல்லும் மங்காவுக்கு ஜப்பானிலேயே ‘யுரி’ என்பதுதான் பெயர். அந்தப் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய இதழ்கள் 2003 முதல் வந்தன. ஆக, ஒரே மனிதர் வைத்த இரண்டு பூக்களில் அல்லி உள்ளூரில் வேர் பிடித்தது. ரோஜா பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் உங்கள் கட்டுரையாளர் தவறவிட்ட இடம். 1970களிலும் 80களிலும் பரா என்றால் கே ஆண்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. கே ஆண்களுக்கான திரைப்படங்களைக்கூட ரோஜாப் படங்கள் என்றார்கள். 1980களில் பராஸொகு தன் மங்காச் சிறப்பிதழ்களுக்குப் ‘பராகோமி’ என்று பெயர் வைத்தது. கோமி என்பது காமிக் என்பதன் சுருக்கம். எனவே பராவுக்கும் மங்காவுக்கும் ஒட்டே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் பொதுமக்கள் வாயில் அந்தச் சொல் கேலியாகவும் புழங்கியது. 1991 வாக்கில் ஜப்பானிய வார, மாத இதழ்களில் கே வாழ்க்கை பற்றிய பேச்சு அலையாக எழுந்தது, அந்தச் சமயத்தில் ‘கே’ என்ற சொல் ஊன்றிவிட்டது. அதே ஆண்டில் பொது இளைஞர் விடுதி ஒன்றில் தங்க மறுக்கப்பட்ட கே அமைப்பினர் தோக்கியோ மாநகர அரசின்மீது வழக்குப் போட்டார்கள். 1997இல் உயர் நீதிமன்றத்திலும் வென்றார்கள். தங்கள் பெயரில் நீதிமன்றம் ஏறியவர்களுக்கு ரோஜாத் திரை தேவைப்படவில்லை. 1994இல் ‘பாதி’ (தோழன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு), 1995இல் ‘ஜீமென்’ என்று புதிய இதழ்கள் வந்தன. அவற்றில் வந்த சித்திரக்கதைகளை வரைந்தவர்களும் படித்தவர்களும் ‘கே காமிக்’, ‘கே மங்கா’, சுருக்கமாகக் ‘கே கோமி’ என்றார்கள். இன்றும் அப்படித்தான். கே என்பதும் வெளியிலிருந்து வந்த சொல்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அதை எடுத்துக்கொண்டவர்கள் அவர்களே.

அப்படியானால் பரா எங்கே பிழைத்தது? ஜப்பானுக்கு வெளியே. 1990களின் இறுதியிலும் 2000களிலும் ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் இந்தப் படங்களை இணையத்தில் பகிர்ந்துகொண்டபோது, பெண்களுக்கான கதைகளிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஜப்பானில் வழக்கொழிந்துகொண்டிருந்த பராவை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். நாளடைவில் பருத்த, தசைப்பிடிப்பான, மயிரடர்ந்த ஆண்களை வரையும் பாணிக்கே அது பெயராகிவிட்டது. என் தம்பி பெங்களூரில் இருந்து எழுதிய பரா, அமெரிக்கா சுற்றிவந்த பரா. அதைத்தான் நான் தோக்கியோக் கடையில் போய்க் கேட்டிருக்கிறேன்.

பெண்களுக்கான கதைகள் என்றேன். அதையும் இதையும் ஒன்றாகக் கலந்தது கட்டுரையின் இரண்டாவது பிழை. அழகிய இளைஞர்களுக்கிடையே காதலைச் சொல்லும் மங்கா மரபை 1970களில் உருவாக்கியவர்கள் பெண் ஓவியர்கள். படித்தவர்களும் பெண்கள். 1978இல் அதற்கென்றே ஓர் இதழ் வந்தது. இன்று ‘பீஎல்’ (‘பாய்ஸ் லவ்’ என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் பெரிய வணிகமாக வளர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, என் மாணவிகள் பலர் ஜப்பானியம் படிக்க வந்ததே அதனால்தான். ஆனால் அது கே ஆண்கள் தங்களைப் பற்றித் தாங்களே வரைந்துகொண்ட மரபு அல்ல. 1992இல் ஒரு கே செயற்பாட்டாளர் பெண்ணியச் சிற்றிதழ் ஒன்றில் இதைப் பற்றிக் கடுமையாக எழுதினார், பெண்களும் பதில் எழுதினார்கள். விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. எங்கள் வாழ்க்கை உங்கள் கனவுக்குத் தீனியா என்பது அவர் கோபத்தின் சாரம். இப்போது இரண்டு மரபிலும் கால் வைத்திருக்கும் ஓவியர்களும் உண்டு. எல்லைக்கோடு அழுத்தமானதல்ல. என்றாலும் இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டுவது தவறு.

இந்த மரபில் ஒருவரை மட்டுமாவது பெயர் சொல்லி அறிமுகம் செய்திருக்கலாம். தகமே கெங்கோரோ, 1964இல் பிறந்தவர். அது புனைபெயர், இரண்டு பகுதியும் குளத்தில் வாழும் பூச்சிகளின் பெயர்கள். 1980களின் நடுவிலிருந்து கே இதழ்களில் வரைந்தார், ஜீமென் இதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். தனக்கு முன்னால் வரைந்து மறக்கப்பட்ட கே ஓவியர்களின் படங்களைத் தேடிச் சேகரித்து 2003 முதல் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார். அவர் செய்ததிலேயே பெரிய வேலை அந்தச் சேகரிப்புதான் என்பது என் எண்ணம். அவருடைய பழைய கதைகள் வயது வந்தவர்களுக்கானவை, வன்மையானவை. எல்லோரும் படியுங்கள் என்று சொல்லமாட்டேன். அவரே பரா என்ற சொல்லைப் பற்றிப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அதில் கெட்ட நெடி இருக்கிறது என்றார். பிற்பாடு, உருண்டு திரண்ட ஆண்களை வரையும் ஒரு பாணியைக் குறிக்க அது வசதியான சொல்தான் என்றும், வரைகிற மனிதர்களை அந்தச் சொல்லால் அழைப்பதைத்தான் தாம் ஏற்கவில்லை என்றும் விளக்கினார். உங்கள் கட்டுரை செய்தது அதையேதான்: பாரா ஓவியர்கள், பாரா ஆண்கள்.

அதே தகமே 2014 முதல் 2017 வரை பொது வாசகர்களுக்கான ஒரு மாத இதழில் ‘ஒதோதோ நோ ஒத்தோ’ என்று ஒரு தொடர் வரைந்தார். ஒதோதோ என்றால் தம்பி, ஒத்தோ என்றால் கணவர். ‘தம்பியின் கணவர்’. யாயிச்சி என்பவர் மகள் கனாவோடு தனியாக வசிக்கிறார். அவருடைய இரட்டைத் தம்பி கனடாவுக்குப் போய், மைக் என்பவரை மணந்து, இறந்தும்போகிறான். ஒரு நாள் அந்த மைக் வாசலில் வந்து நிற்கிறார். அவ்வளவுதான் கதை. படுக்கையறையே கிடையாது. சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். தனக்கு ஒரு கனடாச் சித்தப்பா இருப்பது தெரிந்து குழந்தை துள்ளுகிறாள். அண்ணன்தான் தடுமாறுகிறார், தம்பி உயிரோடு இருந்தபோது கேட்காத கேள்விகளை நினைத்து. அந்தப் புத்தகத்துக்கு 2015இல் ஜப்பான் அரசின் ஊடகக் கலை விழாவில் பரிசும், 2018இல் அமெரிக்காவில் சித்திரக்கதைகளுக்கான ஐஸ்னர் விருதும் கிடைத்தன. 2018இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனம் அதை நாடகமாக்கியபோது, மைக்காக நடித்தவர் எஸ்தோனியாவிலிருந்து வந்து சுமோ மல்யுத்தத்தில் ஓசெகி என்னும் இரண்டாவது உயர்ந்த பட்டம் வரை உயர்ந்த பாருதோ.

ஆங்கிலத்தில் அந்தத் தலைப்பில் உள்ள உறவுச்சொல், அண்ணனா தம்பியா என்று சொல்லாது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நான்குக்கும் ஜப்பானியத்தில் தனித்தனிச் சொல் உண்டு, நம்மைப் போலவே. முதல் நிலை வகுப்பில் உறவுமுறைப் பாடம் நடத்தும்போது இந்தத் தலைப்பைத்தான் பலகையில் எழுதுகிறேன். ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். பெரும்பாலானவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒரு முறை ஒரு பையன் எழுதாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் எதையும் கேட்கவில்லை, ஆனால் பாடம் முடிந்தும் அந்த வரியை அன்று அழிக்காமல் விட்டுவிட்டேன்.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். ‘ஓரினச்சேர்க்கை’ என்று எழுதியிருந்தீர்கள். சேர்க்கை என்றால் உடலுறவு. ஒருவர் யாரை நினைத்துத் தூங்காமல் கிடக்கிறார், யாருக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறார், யாரோடு முதுமையைக் கழிக்க நினைக்கிறார் என்பதையெல்லாம் விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பெயராக்கும் சொல் அது. என் தம்பியும் அவன் நண்பர்களும் ‘தன்பால் ஈர்ப்பாளர்’ என்கிறார்கள், அல்லது கே என்கிறார்கள். இது அவர்களுடைய தனி ஆசை மட்டுமல்ல. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இதற்கென்றே ஒரு சொல்லகராதியை அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. பத்திரிகைகள் மரியாதையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதன் நோக்கம். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி உங்கள் உதவி ஆசிரியர்களின் மேசையில் இருந்தால் நன்றாக இருக்கும்.

2007 மே மாதம் எங்கள் ஆசிரியை வகுப்பையே ரோஜா பார்க்கக் கூட்டிப் போனார். தோக்கியோவின் வடக்கே பழைய ஃபுருகவா தோட்டம், 1917இல் கட்டிய கல் மாளிகை, அதன் சரிவில் ரோஜாப் பாத்திகள். ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை. அங்கே ஒரு பாத்தியின் அருகே நின்று, பரா என்ற சொல் ‘இபரா’ என்னும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்றார். இபரா என்றால் முட்செடி. பூவுக்கு முன்னால் ஜப்பானியர்கள் பார்த்தது முள்ளைத்தான் என்றார். பிறகு, தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அடுத்த மாதம் என்னைப் பார்க்க வருகிறான் என்றேன். வந்தபோது அவனுக்காக வாங்கி வைத்திருந்த ஜீமென் இதழ் ஒன்றைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். சுற்றி வைத்ததற்காக இப்போது வருத்தப்படுகிறேன், அப்படியே கையில் கொடுத்திருக்கலாம்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. வரும் ஞாயிறு இணைப்பில், கே ஆண்களின் சித்திரக்கதைகளுக்கு ஜப்பானில் கே காமிக் அல்லது கே மங்கா என்றுதான் பெயர், பரா என்பது வெளிநாட்டு ரசிகர்களின் வழக்கு என்று ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டாவது, அந்தப் பழைய தமிழ்ச் சொல்லை இனி அச்சேற்றாதீர்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். தம்பியிடம் கேட்டேன், “போட்டுக்கக்கா” என்றுதான் சொன்னான். ஆனால் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது, காலையில் எழுந்ததும் உங்கள் நாளிதழில் ஆசிரியர் கடிதங்களைத்தான் முதலில் படிப்பார். அவரிடம் நாங்கள் இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழி ஆசிரியை,
கோயம்புத்தூர்